கூடத்தில் ஒரு நிமிட மௌனம்

ஒலி பிளகின் எழுதுபவர்களின் இந்தக் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டபோது முடியாது என்றுதான் முதலில் பதில் அனுப்பினேன். நான் செய்து வெளியிட்டவை மொத்தம் மூன்று பிளகின்கள். அவற்றில் இரண்டை இன்று யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். நிரல் எழுதுவதை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. இப்போது ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சராக இருக்கிறேன். மகள் ஷைனி இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். வயதில் உங்களுக்கும் எனக்கும் பெரிய தூரம் இருக்காது. ஆனாலும் இந்த வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள் என்று என்னைச் சொல்லலாம். பதில் அனுப்பிய பிறகு, மறுத்தது சரிதானா என்று மூன்று நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். கடைசியில், ஒரே ஒரு தவறைப் பற்றி மட்டும் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

உங்களுக்கு இன்றிருக்கும் வசதிகள் அன்று இல்லை என்று ஆரம்பிக்கப் போவதில்லை. வசதி இல்லாததால் அந்தத் தவறு நடக்கவில்லை. என்னால் நடந்தது.

ஆம்பூரில் எங்கள் வீட்டுப் பின்சுவருக்கு அடுத்த பக்கம் ஒரு தோல் தொழிற்சாலை. ஆள் உயரத்தைவிடப் பெரிய மர டிரம்களில் தோலையும் சுண்ணாம்புத் தண்ணீரையும் போட்டுச் சுற்றவிடுவார்கள். பகல் முழுவதும் அந்தச் சத்தம் சுவர் வழியாக வரும். அடிவயிற்றில் உணரும்படியான ஓர் உறுமல், அதற்குள் நனைந்த தோல்கள் மேலிருந்து கீழே விழும் தொப், தொப். கல்யாணமாகி வந்த புதிதில் தலைவலித்தது. பிறகு காது அதைக் கேட்பதை நிறுத்திக்கொண்டது.

எம்.சி.ஏ. முடித்திருந்தேன். குழந்தை பிறந்த பிறகு வெளியே வேலைக்குப் போக முடியவில்லை. வீட்டுக்காரர் ஷூ கம்பெனியில் தோல் தரம் பார்ப்பவர். மாதத்தில் பாதி நாள் கான்பூர், கல்கத்தா என்று ஊர் சுற்றுவார். கல்லூரியில் பாடகர் குழுவில் இருந்தவள் நான். ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையுடன் வந்த சிடியில், பாட்டுப் பதிவு செய்யும் மென்பொருளும், அதற்குள் செருகிக்கொள்ளும் பிளகின்களும் இருந்தன. ஒலியை மாற்றும் இந்தச் சின்னச் சின்ன நிரல்களை யாரோ தனி ஆட்கள் எழுதி இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்று தெரிந்தபோது, நாமும் எழுதலாமே என்று தோன்றியது. அவ்வளவுதான் தொடக்கம். பெரிய லட்சியம் என்று எதுவும் இல்லை.

ஷைனி மதியம் தூங்கும் ஒன்றரை மணி நேரம்தான் என் வேலை நேரம். நான் செய்த இரண்டாவது பிளகினின் பெயர் ‘கூடம்’. சின்ன அறையில் பாடியதைப் பெரிய மண்டபத்தில் பாடியதுபோல எதிரொலியுடன் ஒலிக்கச் செய்வது அதன் வேலை. அதில் கூடுதலாக ஒரு பொத்தான் வைத்திருந்தேன். அதை அழுத்தினால் அடியில் ஓடும் உறுமல் மறைந்துவிடும். அந்தப் பொத்தானில் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது. படுக்கையறையில் மைக் வைத்து நானே பாடிப் பதிந்த, சர்ச்சில் பாடும் பாமாலை ஒன்றின் சரணம்தான் என் சோதனைப் பாட்டு. அதன் பின்னணியில் டிரம் ஓடிக்கொண்டிருக்கும். பொத்தானை அழுத்தினால் அது போய்விடும். ஹெட்போன் மாட்டிக்கொண்டு அந்த ஒரே சரணத்தை நூறு முறை, இருநூறு முறை கேட்டிருப்பேன். கூடவே பாடுவதும் உண்டு.

பக்கத்து வீட்டு நஸ்ரீன் அக்கா ஒருநாள் ஜன்னல் வழியாகக் கேட்டார்.

“இன்னா பாப்பா அம்மா, ஒரே பாட்ட எத்தன தபா பாடுவ? எனக்கே மனப்பாடமாய்டுச்சு. பேஜாரா இல்ல உனுக்கு?”

“பாட்டுக்காக இல்ல அக்கா. வேல செய்றேன்.”

“இது இன்னா வேல. காதுல மாட்டிக்கினு தனியா தலையாட்டறது. எங்கூட்டுக்காரரு பாத்தாருன்னா தர்காவுக்குக் கூட்டிட்டுப் போய் மந்திரிக்கச் சொல்வாரு.”

நஸ்ரீன் அக்காவிடம் ஒருமுறை விளக்கிப் பார்த்தேன். வீட்டுக்காரரிடமும் விளக்கினேன். இருவரும் அன்பாகத்தான் கேட்டார்கள். பிளகின் என்ற சொல்லைத் தெரிந்த ஒருவர்கூட நான் நடந்து போகும் தூரத்தில் இல்லை. பஜாரில் உள்ள பிரவுசிங் சென்டருக்குத் திங்களும் புதனும் போய், வெளிநாட்டு இணைய மன்றம் ஒன்றில் பிளகினை ஏற்றிவிட்டு வருவேன். எத்தனை பேர் இறக்கிக்கொண்டார்கள் என்று ஓர் எண் மட்டும் காட்டும். அந்த எண் கூடிக்கொண்டே போகும். யாரும் ஒரு வார்த்தை எழுத மாட்டார்கள். உங்களுக்கு இது சீக்கிரமே பழகிவிடும், ஆனாலும் சொல்லி வைக்கிறேன்: சரியாக ஓடும் பிளகினைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. யாரும் எழுதாததை வைத்து அது சரியாக ஓடுகிறது என்று முடிவு செய்துவிடவும் கூடாது. இந்த இரண்டாவது விஷயம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அதுவரை எனக்கு எழுதிய ஒரே ஒருவர் தேவராஜ் சார். குடியாத்தத்தில் கணக்கு ஆசிரியர், அங்கே ஒரு சின்ன சபையின் பாடகர் குழுவுக்குத் தலைவர். பிளகின் ஜன்னலின் கீழ் மூலையில் என் பெயரோடு ஆம்பூர் என்று போட்டிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு ஒரே வரியில் மின்னஞ்சல் அனுப்பினார். ‘இது தமிழ்நாட்டு ஆம்பூரா?’ பத்து நாள் கழித்து மனைவியுடன் பஸ் ஏறி வீட்டுக்கே வந்துவிட்டார்.

“நெஜமாவே நீங்கதானாம்மா? எவனோ வெள்ளக்காரன் மேப்புல பாத்துப் பேர் வெச்சிட்டான்னு நெனச்சேன்” என்றார்.

அவர் மனைவி என் கையில் இருந்த ஷைனியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “இவ்ளோ சின்னப் பொண்ணாங்க?” என்று அவரிடம் கேட்டார்.

சார் தன் சபையைப் பற்றிச் சொன்னார். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. வெயிலுக்காக அதன் அடியில் தெர்மோகோல் சீலிங் அடித்திருக்கிறார்கள். அது சத்தத்தை எல்லாம் விழுங்கிவிடும். “ஆர்மோனியம் வாசிச்சா தலகாணிக்குள்ள வாசிக்கற மாதிரி கேக்கும்மா. பெரிய வெள்ளிக்கு மட்டுமாவது கம்ப்யூட்டர் வெச்சு ஆர்கன் வாசிக்கப் போறேன். உங்க கூடத்தப் போட்டா பெரிய கோயில் மாதிரி இருக்கு. வீட்ல வாசிச்சுப் பாத்து எம் பொண்டாட்டியே அழுதுட்டா.”

“நான் இன்னும் அழுவேன்” என்றார் மனைவி. “கரண்ட் பில்லு வரட்டும்.”

அவர்கள் போன பிறகு வெகுநேரம் எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. மூன்று வருடத்தில் முதல் முறையாக என் வேலையை ஓர் அறைக்குள், மனிதர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில், ஒருவர் ஒலிக்கச் செய்யப் போகிறார். பெரிய வெள்ளியன்று பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை நடக்கும் மும்மணி ஆராதனைக்கு நானும் வருவதாகச் சொல்லியிருந்தேன். பிறகு, குழந்தையை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் எதற்கு, நம் சபையை விட்டுவிட்டு வேறு சபைக்குப் போனால் என்ன நினைப்பார்கள் என்று போகாமலிருக்க முடிவு செய்தேன். பிறகு மறுபடியும் யோசித்தேன்.

பெரிய வெள்ளி வாரத்தின் திங்கட்கிழமை பிரவுசிங் சென்டரில் மன்றத்தைத் திறந்தபோது ‘கூடம்’ பக்கத்தில் முதல் முறையாக ஒரு கருத்து இருந்தது. எழுதியவர் பெயருக்குப் பதில் ஓர் எண்தான் வைத்திருந்தார். எந்த நாடு, ஆணா பெண்ணா, எதுவும் தெரியாது. இன்றுவரை தெரியாது. ஆங்கிலத்தில் அவர் எழுதியிருந்ததன் பொருள் இதுதான்: ‘இதன் வழியாக ஒரு நிமிடம் ஒன்றுமே அனுப்பாமல் இருந்து, பிராசஸரைப் பார்.’

கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன். ஒன்றுமே அனுப்பாவிட்டால் பிராசஸருக்கு என்ன வேலை? வீட்டுக்கு வந்து, ஷைனி தூங்கியதும், வெறும் மௌனத்தை ஓடவிட்டுப் பார்த்தேன். பிராசஸர் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் மீட்டர் அசையாமல் இருந்தது. இருபது விநாடி போயிருக்கும். “அம்மா” என்று குரல். எழுந்து போனேன். திரும்பி வந்தபோது பிரச்சினை எதுவும் இல்லை என்று மனதில் எழுதிக்கொண்டேன்.

புதன்கிழமை மன்றத்தில் வேறு சிலர் விளக்கியிருந்தார்கள். எதிரொலி தேய்ந்து தேய்ந்து குறையும்போது அதன் எண்ணும் சிறிதாகிக்கொண்டே போகும், ஆனால் பூஜ்ஜியத்தைத் தொடாது. ஓர் எல்லைக்குக் கீழே அந்தத் துளி எண்களைக் கையாள பிராசஸர் திணறும். காதுக்கு ஒன்றும் கேட்காத நேரத்தில்தான் இயந்திரம் மூச்சு வாங்கும். ஒலி வரும்போதே மிகச் சிறிய மாறாத எண் ஒன்றைக் கூட்டிவிட்டால் போதும் என்று ஒருவர் வழி சொல்லியிருந்தார்.

இது ஏன் எனக்கு இதுவரை தெரியவில்லை என்பதும் அப்போது புரிந்தது. என் சோதனைப் பாட்டில் மௌனம் என்பதே கிடையாது. நான் மூச்சு வாங்கும் இடத்திலும் டிரம் சுற்றிக்கொண்டிருந்தது. எந்த மைக்கில் பதிந்தாலும் கொஞ்சம் இரைச்சல் இருக்கத்தான் செய்யும், எங்கள் வீட்டில் அது கூடுதல். ஆனால் தேவராஜ் சாரின் ஆர்கன் கம்ப்யூட்டருக்கு உள்ளேயே பிறப்பது. கட்டையிலிருந்து கையை எடுத்தால் அங்கே இருப்பது உண்மையான பூஜ்ஜியம். பெரிய வெள்ளியன்று இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகள், ஒவ்வொன்றுக்கும் செய்தி என்னும் ஒரு பிரசங்கம், ஒவ்வொன்றுக்கும் மௌன ஜெபம். வருடத்திலேயே ஒரு கோயில் மிக அதிக நேரம் சும்மா இருக்கும் நாள் அது.

அந்தச் சிறிய எண்ணைக் கூட்டினேன். மௌனத்தை ஓடவிட்டேன். இருபத்தைந்து விநாடி. “அம்மா, ஆய் வருது.” ஓடினேன். கழுவிவிட்டுத் திரும்பி வந்து நேரத்தைப் பார்த்தேன். குடியாத்தம் பஸ் புறப்பட இருபது நிமிடம் இருந்தது. மறுபடி ஓடவிட்டிருக்கலாம். ஒரே ஒரு நிமிடம்தான். நான் சிடியை எழுதி, கவரில் போட்டு, பஸ்ஸில் அனுப்புவதாக சாரின் அடுத்த வீட்டுக்குப் போனில் தகவல் சொல்லிவிட்டு, ஷைனியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய் கண்டக்டரிடம் கொடுத்தேன். எங்கள் பக்கத்தில் மாத்திரை, மருதாணி, மாப்பிள்ளை போட்டோ எல்லாம் கண்டக்டர் கையில்தான் ஊர் போகும். அன்று மாலை பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொண்டதாக சார் போன் செய்தார். நஸ்ரீன் அக்கா வீட்டு போனில்தான் பேசினேன்.

“பழசுல இன்னாம்மா கோளாறு?” என்றார்.

“ரொம்ப நேரம் வாசிக்காம வுட்டா மெஷின் திணறுது சார். இதுல சரி பண்ணிட்டேன்.”

சரி பண்ணிட்டேன் என்ற சொல் என் வாயிலிருந்து வந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பொய் என்று தெரிந்து சொல்லவில்லை. உண்மை என்று தெரிந்தும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பின்சுவர்த் தொழிற்சாலைக்கு வார விடுமுறை. டிரம் நின்றிருந்தது. வீட்டுக்காரர் கான்பூரில். விடியலிலேயே எழுந்துவிட்ட ஷைனி ஒன்பது மணிக்கு மறுபடி தூங்கிப்போனாள். வீட்டில் அப்படி ஓர் அமைதியை நான் அதிகம் கேட்டதில்லை. செய்வதற்கு வேறொன்றும் இல்லாததால் கம்ப்யூட்டரைப் போட்டு, மௌனத்தை ஓடவிட்டு, முதல் முறையாக முழு நிமிடமும் உட்கார்ந்திருந்தேன். முப்பது. முப்பத்தைந்து. நாற்பது தாண்டியதும் மீட்டர் ஏறியது. ஏறி, உச்சியில் போய் நின்றது. மவுஸ் நகரவில்லை.

காரணம் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நான் கூட்டிய சிறிய எண் மாறாத எண். மாறாத எண் என்றால் ஒலியின் கணக்கில் அது மிக மிகத் தாழ்ந்த உறுமல். உறுமலை அழிக்கும் என் பொத்தான், திறக்கும்போதே அழுந்தியிருக்கும்படி நான் கர்வத்தோடு அமைத்த அந்தப் பொத்தான், அதையும் சேர்த்து அழித்துவிட்டிருந்தது. ஒரு நிமிடம் பொறுமையாக உட்கார்ந்திருந்தால் புதன்கிழமையே தெரிந்திருக்கும்.

முதலில் உறுமலை அழித்துவிட்டு, அதன் பிறகு எண்ணைக் கூட்டும்படி இரண்டையும் இடம் மாற்றினேன். ஒரு நிமிடம் ஓடவிட்டேன். மீட்டர் ஏறவில்லை. புதிய சிடி ஒன்று எழுதினேன். அதற்குள் மணி பத்தாகிவிட்டது. நஸ்ரீன் அக்கா வீட்டுக்குப் போய், சாரின் அடுத்த வீட்டு நம்பருக்குப் போன் செய்தேன். அவருக்கு அந்த பி.பி. நம்பர்தான்.

“அவங்கல்லாம் அப்பவே கோயிலுக்குப் பூட்டாங்களே” என்றது ஒரு பெண் குரல்.

நஸ்ரீன் அக்கா என் முகத்தைப் பார்த்தார். “யாருக்கு இன்னா ஆச்சு?”

“யாருக்கும் ஒண்ணும் ஆகல அக்கா. நான் குடுத்தது சரியில்ல. பன்னண்டு மணிக்கு அத வெச்சு வாசிக்கப் போறாரு.”

“வாசிச்சா உயிரு போய்டுமா?”

“போவாது.”

“அப்புறம் இன்னாத்துக்கு இப்படி வேத்து ஊத்துது?” என்றவர், “பாப்பாவ வுட்டுட்டுப் போ. நான் பாத்துக்கறேன்” என்றார்.

விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. தூங்கி எழுந்து தேடுவாளே என்று தூக்கிக்கொண்டேன். பேரணாம்பட்டு வழியாகப் போகும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. வழியில் விழித்துக்கொண்ட ஷைனி, “எங்க போறோம்?” என்றாள்.

“ஒரு சார்கிட்ட ஒண்ணு சொல்ல.”

“இன்னா சொல்ல?”

“தெரியல கண்ணு.”

உண்மையில் தெரியவில்லை. சிடி பையில் இருந்தது. ஒரே ஒரு முறை சோதித்தது. அதை எதற்கு எடுத்து வந்தேன் என்றும் புரியவில்லை.

நான் உள்ளே நுழையும்போது மூன்றாம் வார்த்தையின் மௌன ஜெபம் நடந்துகொண்டிருந்தது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். ஃபேன்கள் சுற்றும் சத்தம் மட்டும். ஆயர் ஆமென் சொன்னதும் சார் பாமாலைக்குக் கை வைத்தார். முதல் சுரம், துணி கிழிவதுபோல வந்தது. நின்றது. மறுபடி கிழிந்து வந்தது. முன்வரிசையில் நான்கைந்து தலைகள் திரும்பின. பாடகர் குழுவில் ஒரு பெண் வாயை மூடிக்கொண்டாள், சிரிப்பை அடக்கியிருக்க வேண்டும். சாரின் வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவர் குனிந்து பின்னால் உள்ள ஒயரைப் பிடுங்கி மறுபடி செருகினார். பாவம், தன் ஒயர்களைச் சந்தேகித்துக்கொண்டிருந்தார். என் பிளகினைச் சந்தேகிக்க அவருக்குத் தோன்றவில்லை. சரி பண்ணிட்டேன் என்று நான் சொல்லியிருந்தேன்.

பிறகு ஒலி நிலைக்கு வந்தது. பாட்டு தொடங்கியது.

இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. அது நன்றாக இருந்தது. ஹெட்போனில் கேட்டது வேறு. அந்தத் தாழ்ந்த சீலிங்குக்குக் கீழே எங்கிருந்தோ உயரம் வந்தது. ஒரு கிழவர் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். ஒவ்வொரு அடி முடியும்போதும் ஆர்கனின் ஒலி, நான் பல மதியங்கள் உட்கார்ந்து கணக்குப் போட்ட அதே வேகத்தில் தேய்ந்தது. அங்கிருந்த அத்தனை பேரில் எனக்கு மட்டும்தான் அது தெரியும். நான்கு சரணம் பாடினார்கள். என் வேலையை ஓர் அறைக்குள் நான் கேட்டது அந்த நான்கு சரணங்கள்தான்.

பாட்டு முடிந்து செய்தி தொடங்கியது. அடுத்த நாற்பது விநாடியில் இயந்திரம் மறுபடி திணறத் தொடங்கும் என்று எனக்குத் தெரியும். ஷைனியை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்து ஆர்கன் அருகே போனேன். என்னைப் பார்த்ததும் சாரின் முகம் மலர்ந்தது. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

“வந்துட்டீங்களாம்மா” என்று கிசுகிசுத்தார். “ஒயர்ல லூஸ் காண்டாக்ட். மூணு தபா மாத்திட்டேன்.”

“ஒயர் இல்ல சார். என் தப்பு. கூடம்தான் தெணறுது. நான் சரியா டெஸ்ட் பண்ணாம குடுத்துட்டேன்.”

அவர் திரையைப் பார்த்தார், பிறகு என்னை. கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “ஆயர் பேசி முடிக்கப் பத்து நிமிஷம் ஆவும். வேற சிடி கொண்டாந்திருக்கீங்களா?”

பையின் வாரைப் பிடித்திருந்த கையில் சிடி உறையின் மூலை குத்தியது. பத்து நிமிடம் போதும். மாற்றிவிடலாம். மீதி நான்கு வார்த்தைக்கும் அந்த உயரம் திரும்ப வந்துவிடும். சாருக்கும் மானம் மிஞ்சும், எனக்கும்தான். ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தோமே, மீட்டர் ஏறவில்லையே. ஆனால் புதன்கிழமையும் ஒருமுறை பார்த்தேன்.

“வேணாம் சார்” என்றேன். “கூடத்த எடுத்துருங்க. வெறும் ஆர்கன் வாசிங்க.”

“வறண்டு போய்டுமேம்மா.”

“போவும். ஆனா கிழியாது.”

 அவர் மவுஸை எடுத்தார். அது நகர்வதற்கே நேரம் பிடித்தது. அடுத்த பாமாலையை ஆர்கன் தலையணைக்குள்ளிருந்து வாசித்தது. கிழியவில்லை. ஏழாம் வார்த்தைவரை ஒருமுறைகூடக் கிழியவில்லை.

ஆராதனை முடிந்து வெளியே வேப்பமரத்தடியில் நின்றபோது, சபை மூப்பர் ஒருவர் சாரின் தோளைத் தட்டினார். “மொதல்ல இன்னாமோ கரகரன்னு இருந்துச்சு வாத்தியாரே. அப்புறம் சரியாய்டுச்சு. இப்பதான் நல்லா கேக்குது.”

சார் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் மனைவி எனக்கும் ஷைனிக்கும் சொம்பில் கஞ்சி கொண்டுவந்து தந்தார். எடுத்ததற்கு முன்னும் பின்னும் என்ன வித்தியாசம் என்று யாரும் கேட்கவில்லை. கூடத்தைப் பற்றியே யாரும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் அந்தப் புதிய சிடியில் இருந்ததை மூன்று நாள் விதவிதமாகச் சோதித்தேன். அது சரியாகத்தான் இருந்தது. அன்றைக்குக் கொடுத்திருக்கலாம். நான்கு பாட்டுகள் பெரிய கோயிலில் ஒலித்திருக்கும். இன்றும் பாத்திரம் துலக்கும்போது இதை யோசிப்பதுண்டு. ஆனாலும் உங்களிடம் கேட்டுக்கொள்வது, நேரம் இல்லாதபோது பழுது பார்க்காதீர்கள், எடுத்துவிடுங்கள் என்பதுதான். சோதிக்காத ஒன்று சரியாக இருந்துவிட்டால் அது அதிர்ஷ்டம், அதை உங்கள் திறமையில் சேர்த்துக்கொள்ளாதீர்கள். இன்னொன்றும் உண்டு. குழந்தை கூப்பிட்டால் எழுந்து போங்கள். போகத்தான் வேண்டும். ஆனால் பாதியில் விட்ட சோதனையை நடக்காத சோதனை என்று எழுதி வையுங்கள். நான் அதன்பிறகு ஒரு நோட்டில் அப்படித்தான் எழுதினேன். நோட்டில் பாதிப் பக்கம் ‘நடக்கவில்லை’ என்றே இருக்கும்.

மன்றத்தில் என் பக்கத்தின் மேலேயே எழுதினேன்: இது மௌனத்தில் திணறும், தவறு என்னுடையது, அடுத்த பதிப்பு வரும்வரை பயன்படுத்த வேண்டாம். எண்ணிக்கை ஏறுவது நின்றுபோனது.

அடுத்த பதிப்பில் அந்த மாறாத எண்ணைக் கைவிட்டேன். என் பொத்தான் அழிக்காமல் விட்டாலும் வேறு யாருடைய ஒலி வடிகட்டியாவது அதை அழித்துவிடக்கூடும். அதற்குப் பதில் யாருக்கும் கேட்காத அளவில் கொஞ்சம் இரைச்சலைச் சேர்ப்பதுதான் நல்ல வழி. அதற்கு ஒழுங்கில்லாத எண்களைத் தரும் இரண்டு வரி நிரல் போதும். நீங்கள் அப்படியே செய்யுங்கள். நான் அப்படிச் செய்யவில்லை. என் பழைய பதிவில், பாட்டு தொடங்குவதற்கு முன் இருந்த எட்டு விநாடி டிரம் சத்தத்தை வெட்டி எடுத்து, கோடி கோடியில் ஒரு பங்காகக் குறைத்து, திரும்பத் திரும்பச் சுற்றும்படி உள்ளே வைத்தேன். கோப்பின் அளவு வீணாகக் கூடியது. ஏன் அப்படிச் செய்தேன் என்று யாரிடமும் சொல்லவில்லை, சொல்ல யாரும் இல்லை.

இரண்டு மாதம் கழித்து அந்த எண் பெயர்க்காரர் எழுதினார். இந்த முறை தனிக்கடிதம். ஒரு நிமிட மௌனத்தில் பிராசஸர் சரியாக இருக்கிறது என்று முதல் வரி. பிறகு:

‘உன் மௌனத்தைப் பெருக்கிக் கேட்டேன். வழக்கமான இரைச்சல் இல்லை. எட்டு விநாடிக்கு ஒருமுறை ஏதோ சுற்றி வருகிறது. நடுவில் மெத்தென்று ஏதோ விழுகிறது. அது என்ன?’

பிரவுசிங் சென்டரின் சின்னத் தடுப்புக்குள் மடியில் ஷைனியை வைத்துக்கொண்டு பதில் எழுதத் தொடங்கினேன். பின்சுவர், சுண்ணாம்பு வாசம், மதியத் தூக்கம், கான்பூர், குடியாத்தம் பஸ், நான்கு சரணம், எல்லாவற்றையும் எழுதினேன். திரை நிரம்பிவிட்டது. படித்துப் பார்த்தேன். முன்பின் தெரியாதவருக்கு இது எதற்கு என்று தோன்றி எல்லாவற்றையும் அழித்தேன். இரண்டு வரி மட்டும் அனுப்பினேன். என் வீட்டுக்கு அடுத்த பக்கம் தோல் பதனிடும் மர டிரம் சுற்றுகிறது. விழுவது தோல்கள்.

புதன்கிழமை போனபோது பதில் வந்திருந்தது.

‘எடுத்துவிடாதே.’

எடுக்கவில்லை. உங்களில் யாருடைய கம்ப்யூட்டரிலாவது கூடம் இருந்தால், நீங்கள் வாசிப்பதை நிறுத்திய பிறகும் அது சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.